சிநேகப் பந்தயத்தில் வெல்லப்படுவது யாது?

தேசத்துக்கும் தேசத்துக்கும் இடையே நடைபெறும் விளையாட்டுப் பந்தயங்கள் இருவகைப்படும். ஒன்று பட்டத்துக்குரியது, ஒலிம்பிக் விழாவும் உலக சாம்பியன் பந்தயமும் இவ்வகையைச் சார்ந்தன. மற்றொன்று பட்டம் கருதாதது. ஒரு தேசத்தின் விளையாட்டுச் சங்கம் வேறு இரண்டு மூன்று தேசத்து அணிகளை விருந்தினராக வரவழைத்து, சில நாட்கள் தம்முள் ஆடிப் பிரிவது. இதனையே சிநேகப் பந்தயம் என்பர். பத்திரிகைகள் முன்னதற்குப் பக்கம் பக்கமாய் இடந்தரும். பின்னதற்கு நான்கு வரி கிடைத்தால் அதுவே பெரிது. “வென்றால் பட்டமில்லை, தோற்றால் நட்டமில்லை, பின் எதன்பொருட்டு வியர்வை சிந்துவது?” என்று மாணாக்கர் வினவுவதை யாம் மைதானத்தோரத்தில் பன்முறை செவியுற்றிருக்கிறோம். இக்கேள்வி இகழத்தக்கதன்று. ஆடவர் ஹாண்ட்பால் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேட முயல்வோம். அவ்வாட்டத்தில் சிநேகப் பந்தயம் ஐரோப்பிய தேசங்களிடையே நன்கு ஒழுங்குபெற்ற ஓர் ஏற்பாடாக வேரூன்றியிருப்பதே யாம் அதனைத் தெரிந்தெடுத்தற்குக் காரணமாம்.

முதற்கண் ஆட்டத்தின் பெயரைப்பற்றி ஒரு சொல். ஹாண்ட்பால் என்பதை அப்படியே பெயர்த்தால் கைப்பந்து என வரும். ஆனால் கைப்பந்து என்றவுடன் நம்மவர் வலைக்கு மேலே தட்டி ஆடும் வாலிபாலையே நினைப்பர். எறிபந்து என்பாரும் உளர். அப்பெயரையோ த்ரோபால் என்னும் வேறோர் ஆட்டமும் பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே இக்கட்டுரையில் ஹாண்ட்பால் என்றே வழங்குவோம். வேற்றுமொழிச் சொல் என்னும் குறை, குழப்பம் என்னும் குறையினும் சிறிது.

ஆட்டம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில், கூரையின் கீழ் நடைபெறுவது. இரு முனைகளிலும் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடைய கோல்கள் உண்டு. ஒவ்வொரு கோலுக்கும் முன்னே 6 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். அக்கோட்டுக்குள் கோல்கீப்பர் ஒருவரே நிற்கலாம், ஏனையோர் காலூன்றலாகாது. ஆயினும் கோட்டுக்கு வெளியிலிருந்து தாவி, உடல் அந்தரத்தில் நிற்கும் அந்த ஒரு கணத்தில் பந்தை எறிந்துவிட்டுப் பின்னர் உள்ளே விழுவது குற்றமன்று. இவ்வாட்டத்தின் அழகெல்லாம் அந்தத் தாவலில் அடங்கியிருக்கிறது எனலாம். அணிக்கு எழுவர், அவருள் ஒருவர் கோல்கீப்பர். ஆடவர் பந்தின் சுற்றளவு 58 முதல் 60 சென்டிமீட்டர் வரை, நிறை 425 முதல் 475 கிராம் வரை. ஒரே கையால் பற்றி எறியவேண்டியதாகலின் விரல்களிற் பிசின் தடவிக்கொள்வாரும் உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடிக்கு மேல் நடத்தல் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் அசையாது வைத்திருத்தலும் கூடாது. ஆட்டம் முப்பது நிமிடமாக இரு பாதிகள். அறுபது நிமிடத்துக்குள் ஓரணி இருபத்தைந்து, முப்பது கோல் அடிப்பது சாதாரணம். கால்பந்தாட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் வியப்பைத் தரும்.

எறிவோன் புகழ் பெறுகிறான். அணியைக் காப்பது தடுப்போரின் ஒற்றுமையே. எதிரணி பந்துடன் வருங்கால் ஆறு பேரும் கோட்டின்மீது ஒரே வரிசையாய் மதில்போல் நிற்பது ஒரு முறை. ஐவர் பின்னே நிற்க ஒருவன் முன்சென்று எதிரியின் பந்தோட்டத்தைக் குலைப்பது மற்றொரு முறை. மூவர், இருவர், ஒருவர் எனக் கோபுரம்போல் அடுக்கி நிற்பது மூன்றாவது. எம்முறையாயினும் ஒருவன் இடம் பெயர்ந்தால் அவன் பக்கத்திலுள்ளவன் அவ்விடத்தை நோக்கி அக்கணமே நகரவேண்டும். அவன் நகர்ந்தால் அடுத்தவனும் நகரவேண்டும். கண்டு, நினைத்து, பின் நகர்வதற்கு நேரமில்லை. ஒருவர் இயல்பை மற்றவர் உடலே அறிந்திருத்தல் வேண்டும். தேசத்து அணியிலுள்ளோர் பலரும் ஆண்டு முழுவதும் வெவ்வேறு கழகங்களில், சில வேளை வெவ்வேறு தேசங்களில் ஆடுவோர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னே வருவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

இவ்வாட்டத்தின் பிறப்புக்கு இரண்டு தொட்டில்கள் சொல்லப்படும். ஒன்று டென்மார்க். அங்கே ஓர்ட்ரூப் என்னுமிடத்துப் பாடசாலையில் தேகப்பயிற்சி ஆசிரியராயிருந்த ஹோல்கர் நீல்சன் என்பார் 1898ஆம் ஆண்டளவில் மாணாக்கரைக் கையால் பந்தாடப் பழக்கி, 1906இல் அதற்கு விதிகளை அச்சிட்டு வெளிப்படுத்தினார். உதைபந்து பாடசாலைச் சன்னல்களை உடைத்துக்கொண்டேயிருந்தபடியால் அதனை விலக்கிவிட்டு இதனைப் புகுத்தினார் என்றொரு கதை வழங்குகிறது. கண்ணாடிச் சன்னலுள்ள எந்தப் பாடசாலையின் தலைமையாசிரியரும் அக்கதையை ஐயுறமாட்டார். மற்றத் தொட்டில் ஜெர்மனி. மாக்ஸ் ஹைசர் என்பார் 1917இல் பெர்லினில் பெண்களுக்கென அமைத்த ஓர் ஆட்டத்தை, கார்ல் ஷெலன்ஸ் என்பார் 1919இல் ஆடவர்க்கேற்பத் திருத்தியமைத்தார். ஜெர்மனியின் ஆட்டம் கால்பந்து மைதானத்தில் பதினொருவர் ஆடியது. வட தேசங்களின் ஆட்டமோ நீண்ட பனிக்காலத்தை முன்னிட்டுக் கூரைக்குள் எழுவர் ஆடியது. காலப்போக்கில் வடவர் முறையே நிலைத்தது. மைதான ஆட்டத்துக்கு 1966இல் நடந்த உலகப் பந்தயமே கடைசியாயிற்று.

தேசங்களிடையே நிகழ்ந்த முதல் ஆடவர் ஆட்டம் 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் நடைபெற்றது. ஆஸ்திரியா 6 கோல், ஜெர்மனி 3 கோல். விருந்துக்கு வந்தவர் வென்று சென்றனர். அந்நாளில் பட்டமென்று ஒன்றில்லை. ஆதலின் அது சிநேக ஆட்டமே. ஹாண்ட்பாலின் சர்வதேச வரலாறு சிநேகப் பந்தயத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்வாராக.

பட்டம் பிற்பாடு வந்தது. பட்டத்தோடு வேறு சிலவும் வந்தன. 1936இல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் விழாவில் ஆறு தேசங்கள் மைதான ஹாண்ட்பால் ஆடின. ஜெர்மனி ஹங்கேரியை 22-0 என்றும், ஐக்கிய அமெரிக்க நாடுகளை 29-1 என்றும் வென்றது. இறுதியாட்டத்தில் ஆஸ்திரியாவை 10-6 என்று வென்று பொற்பதக்கம் பெற்றது. பெருந்திரளான ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டே அதனைக் கண்டனர். ஹிட்லரின் ஆட்சி அவ்விழா முழுவதையுமே தன் பெருமையை உலகுக்குக் காட்டும் கண்ணாடியாக்கிக்கொண்டது யாவரும் அறிந்ததே. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கூரைக்குள் ஆடும் ஹாண்ட்பாலுக்கு முதல் உலகப் பந்தயம் அதே நகரில் நடந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் என நான்கு அணிகள். ஒவ்வொன்றும் ஏனைய மூன்றோடும் ஆடி, இரண்டே நாட்களில் ஆறு ஆட்டங்கள் முடிந்தன. ஜெர்மனி முதலிடம், ஆஸ்திரியா இரண்டாமிடம்.

அது முடிந்து ஐந்து வாரங்கூடச் செல்லவில்லை. மார்ச் 12ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தன. தேசப்படத்திலிருந்து அப்பெயர் மறைந்தது. அவ்வாண்டு ஜூலையில் மைதான ஆட்டத்துக்கு உலகப் பந்தயம் நடந்தபோது ஆஸ்திரியா என்றோர் அணி இல்லை. ஜெர்மனி இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தை 23-0 என்று வென்றது. இத்தகைய வெற்றியில் வென்றவர்க்குக் கற்க ஒன்றுமில்லை. தோற்றவர்க்கோ கற்க இயலாது. ஆட்டம் என்னும் சொல்லே அங்கே பொருளிழக்கிறது என்பது எம் கருத்து.

யுத்தம் முடிந்து ஓராண்டு சென்றபின், 1946 ஜூலையில் கோபன்ஹேகன் நகரில் எட்டுத் தேசத்தார் கூடிச் சர்வதேச ஹாண்ட்பால் சம்மேளனத்தைப் புதிதாய் நிறுவினர். டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, பிரான்சு, நெதர்லாந்து, போலந்து, சுவிட்சர்லாந்து என்பன அவ்வெட்டும். இவற்றுட் சில அந்நிய ராணுவத்தின் பிடியிலிருந்து ஓராண்டுக்கு முன்னர்தான் விடுபட்டவை. சுவீடனைச் சேர்ந்த கேஸ்டா பியோர்க் முதல் தலைவரானார். ஜெர்மனிக்கு அன்று அக்கூட்டத்தில் இடமில்லை. ஆயினும் 1954இல் சுவீடன் தன் மண்ணில் உலகப் பந்தயம் நடத்தி இறுதியாட்டத்தில் 17-14 என்று வென்றபோது, எதிரே நின்ற அணி ஜெர்மானியரதே. 23-0 என்னும் எண்ணையும் 17-14 என்னும் எண்ணையும் அருகருகே எழுதிப் பார்ப்பது நன்று.

இனிச் சிநேகப் பந்தயங்களுக்கு வருவோம். 1971இல் சுவீடனில் ‘உலகக் கோப்பை’ என்னும் பெயரால் ஒரு பந்தயம் தொடங்கிற்று. பெயரைக் கண்டு மயங்குதல் வேண்டா. அஃது உலக சாம்பியன் பட்டத்துக்குரியதன்று, சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் விருந்துப் பந்தயமே. ஸ்பெயின் தேசம் 1975 முதல் தன் சர்வதேசப் பந்தயத்தை நடத்தி வந்தது. பிற்காலத்தில் அத்தேசத்து அணியின் பயிற்சியாளராயிருந்த டொமிங்கோ பார்சேனாஸ் என்பாரின் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். மேற்கு ஜெர்மனியில் 1979இல் ‘சூப்பர் கப்’ தோன்றியது. உலகப் பட்டமோ ஒலிம்பிக் பட்டமோ முன்னர் வென்ற தேசங்களையே அது முதலில் அழைத்தது. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்து ‘எல்லோ கப்’ ஆண்டுப் பிறப்பையொட்டி நடப்பது. இன்னும் பல உள. எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லுதல் எம் நோக்கமன்று.

இவற்றிற் பல ஜனவரி முதல் வாரங்களில் நிகழ்வதற்குக் காரணம் உண்டு. ஆடவர்க்குரிய ஐரோப்பியப் பந்தயம் 2000ஆம் ஆண்டு முதல் இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் நடந்து வருகிறது. உலகப் பந்தயமும் 2001 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் அதே மாதத்தில் நடந்து வருகிறது. ஜெர்மனியின் கழகப் பந்தயங்களோ கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் நிற்பதில்லை. ஆகவே ஆட்டக்காரர் கழகத்துச் சட்டையைக் கழற்றித் தேசத்துச் சட்டையை அணிவதற்கும், பெரும் பந்தயத்தின் முதல் மணி ஒலிப்பதற்கும் இடையே பயிற்சியாளருக்குக் கிடைப்பது இரண்டு வாரத்துக்கு உட்பட்ட காலமே. மேலே யாம் கூறிய தடுப்பு மதிலை நினைவு கூர்க. வெவ்வேறு கழகங்களிலிருந்து வந்த ஆறு பேர் ஒருவர் இயல்பை ஒருவர் உடலால் அறிய இரண்டு வாரம் எம்மாத்திரம்? தமக்குள்ளே ஆடிப் பழகினாற் போதாது. தம் தந்திரமனைத்தும் அறிந்த தோழனே எதிரே நிற்பான். அறியாத எதிரி வேண்டும். ஆனால் அவ்வெதிரியிடம் தோற்பதால் கேடு விளையலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்குமிடம் சிநேகப் பந்தயம் ஒன்றே.

அதன் அமைப்பையும் சிறிது ஆராய்வோம். வழக்கமாக நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை ஆடும். நான்கை மூன்றாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆறு ஆட்டங்கள். நாளொன்றுக்கு இரண்டாக மூன்று ஆட்ட நாட்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. முன்னரே சொன்ன 1938ஆம் ஆண்டு உலகப் பந்தயமும் இதே அமைப்புடையதுதான். வடிவம் ஒன்றாயினும் உயிர் வேறு. இம்முறையின் சிறப்பை ‘நாக்-அவுட்’ முறையோடு ஒப்பிட்டால் உணரலாம். நாக்-அவுட் பந்தயத்தில் முதல் நாள் தோற்றவன் மறுநாள் மூட்டையைக் கட்டுகிறான். யாருக்குக் கற்க வேண்டுவது மிகுதியோ அவனே முதலில் வீடு திரும்புகிறான். சுற்றுமுறையிலோ முதல் நாள் பத்துக் கோல் வேறுபாட்டில் தோற்றவனுக்கும் இன்னும் இரண்டு ஆட்டங்கள் உறுதி. இரவில் தவற்றை ஆராய்ந்து மறுநாள் திருத்திப் பார்க்கலாம். நம் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயங்கள் பலவும் ஒரே தோல்வியோடு முடிந்துவிடுவது குறித்து யாம் நெடுநாளாக மனங்குறைந்திருக்கிறோம்; அது வேறு விஷயம்.

யாரை அழைப்பது என்பதும் ஒரு கலை. பலம் மிக்கவரையே அழைக்க வேண்டுமென்பதில்லை. வரப்போகும் பெரும் பந்தயத்தில் தம் பிரிவில் எவ்வகை ஆட்டம் ஆடுவோரைச் சந்திக்க நேருமோ, அவ்வகை ஆட்டமுடைய வேறோர் அணியை அழைப்பர். முன்னேறி வந்து நெருக்கித் தடுக்கும் அணியை எதிர்கொள்ள வேண்டியவர், அத்தகைய தடுப்பிற் பழகிய தேசத்தையே நாடுவர். அழைக்கப்பட்டவருக்கும் தம் கணக்கு உண்டு. ஒருவர் தேவையை மற்றவர் அறிந்தே அழைப்பும் இசைவும் நிகழ்கின்றன. சிநேகம் என்பது வெறும் உபசார வார்த்தையன்று. இருபுறமும் பயன் கண்டு உடன்படுவதே.

ஆட்டத்தினுள்ளே பயிற்சியாளர் செய்வன பட்டப் பந்தயத்தில் ஒருபோதும் செய்யத் துணியாதன. முற்பாதிக்கு ஒரு கோல்கீப்பர், பிற்பாதிக்கு மற்றொருவர் என மாற்றுவார். வெற்றி கையில் இருக்கும்போதே தடுப்பு முறையை மாற்றி, அது கலைவதைக் கண்ணாற் காண்பார். 2016இல் விதிகள் திருத்தப்பட்டபின், கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு ஏழாவது ஆட்டக்காரரை முன்னே அனுப்புவது எளிதாயிற்று. ஆறு தடுப்போரை ஏழு பேர் தாக்கலாம். ஆனால் பந்து பறிபோயின் காவலற்ற வெறுங்கோலுக்குள் எதிரி நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்தும் எறிந்துவிடுவான். இத்தந்திரத்தில் இலாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்பது கரும்பலகையில் விளங்காது. நான்கைந்து கோல் வீணே கொடுத்துத்தான் கற்கவேண்டும். அவற்றை உலகப் பந்தயத்திற் கொடுப்பதா, சிநேகப் பந்தயத்திற் கொடுப்பதா? நடுவர்களுக்கும் இது பாடசாலையே. ஹாண்ட்பாலில் இரு நடுவர் இணைந்தே பணிபுரிவர். கோல் நோக்கி முயலாது வீணே பந்தைக் கைமாற்றிக்கொண்டிருக்கும் அணியை எச்சரிப்பது அவர்தம் மதிப்பீட்டுக்கே விடப்பட்டது. எச்சரித்தபின் இத்தனை முறைதான் பந்தைக் கைமாற்றலாம் என்னும் வரம்பு 2016இல் ஆறென வகுக்கப்பட்டு, 2022இல் நான்காகக் குறைக்கப்பட்டது. இத்தகைய புதுவிதிகள் கையிலும் கண்ணிலும் பழகுவதற்குப் பந்தயங்கள் வேண்டுமன்றோ?

பட்டமில்லை என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பெரும் பந்தயத்தில் ஓராட்டத்துக்கு எழுதப்படும் பெயர்கள் பதினாறு. சிநேகப் பந்தயத்துக்குப் பயிற்சியாளர் அழைத்து வருவது பெரும்பாலும் அதற்கு மேற்பட்டோரை. பதினைந்தாம் பெயரும் பதினாறாம் பெயரும் எழுதப்படாமலிருக்க, அவ்விரண்டு இடத்துக்கு நால்வர் காத்திருப்பர். இருபது வயது இளைஞன் ஒருவனுக்குத் தரப்படுவது மூன்றாம் ஆட்டத்தின் கடைசி பதினைந்து நிமிடம். அவையோர் பாதிப்பேர் எழுந்து போயிருக்கலாம். புள்ளிப் பட்டியல் முன்னரே தீர்ந்திருக்கலாம். அவனுக்கு மட்டும் அந்தப் பதினைந்து நிமிடம் ஒரு வாழ்நாள். அதே மணி நேரத்தில், முப்பத்தைந்து வயதை எட்டிய மூத்தவன் ஒருவன் பலகையில் அமர்ந்து தன் இடம் நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவ்விருவரையும் நோக்குங்கால், நட்டமில்லாத பந்தயம் என்பது வெளியிலிருந்து காண்போரின் பேச்சே எனத் தோன்றுகிறது.

உடலுக்கு வரும் தீங்கையும் மறைத்தல் தகாது. ஹாண்ட்பால் நெருங்கி மோதும் ஆட்டம்; தாவி இறங்குவோன் முழங்கால் திரும்பினால் ஓராண்டு ஆட்டம் போயிற்று. ஆட்டக்காரனுக்குச் சம்பளந் தருவது கழகம். அவனைக் கொண்டுசெல்வது தேசம். பட்டமில்லாத பந்தயத்தில் அவன் காயமுற்றுத் திரும்பினால் கழகத்தார் முகஞ்சுளிப்பது இயல்பே. பந்தயங்கள் பெருகப் பெருக ஆட்டக்காரரின் ஓய்வு குறைந்து வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிநேகப் பந்தயத்தை வரம்பின்றிப் பெருக்குக என்று யாம் கூறவில்லை. எண்ணிக்கையன்று, யாருடன் எதற்காக ஆடுவது என்பதே முக்கியம்.

இதனைத் தெளிவாக்கும் உதாரணம் நார்வே தேசத்துடையது. நார்வேயின் மகளிர் அணி உலகப் புகழ் பெற்றது. ஆடவர் அணியோ நெடுங்காலம் அதன் நிழலில் நின்றது. 2012-13ஆம் ஆட்டப் பருவத்தில் டென்மார்க், பிரான்சு, நார்வே ஆகிய மூன்று தேசத்துச் சங்கங்களும் உடன்பட்டுக் ‘கோல்டன் லீக்’ என்னும் சிநேகப் பந்தயத்தை ஏற்படுத்தின. ஒரு பருவத்தில் மூன்று சுற்று. மூன்று தேசங்களும் முறையே ஒவ்வொரு சுற்றை நடத்தின. நான்காம் அணியாக ஒரு விருந்தினர் வருவது வழக்கமாயிருந்தது. அக்காலத்தில் பிரெஞ்சு ஆடவர் 2008, 2012 ஆகிய இரு ஒலிம்பிக் பட்டங்களையும் உடையவர். டென்மார்க்கு 2012இல் ஐரோப்பியப் பட்டம் பெற்றிருந்தது. இவர்களோடு ஒப்பிடின் நார்வேயின் ஆடவர் எளியவரே. 2013ஆம் ஆண்டு உலகப் பந்தயத்திலும் 2015ஆம் ஆண்டு உலகப் பந்தயத்திலும் நுழையும் தகுதியே அவர்க்குக் கிட்டவில்லை.

உலகப் பந்தயத்தில் இடமில்லாத அணி, உலகிற் சிறந்த இரண்டு அணிகளோடு பருவந்தோறும் ஆடிக்கொண்டிருந்தது என்பதை உற்றுநோக்குக. தகுதிச் சுற்றுக்களில் மட்டுமே ஆடியிருப்பின் அத்தகைய எதிரிகள் அவர்க்கு எப்போதோ ஒருமுறையே வாய்த்திருப்பர். 2014இல் கிறிஸ்டியான் பெர்கே பயிற்சியாளரானார். 2016 ஜனவரியில் ஐரோப்பியப் பந்தயத்தில் நார்வே அரையிறுதி வரை சென்று, ஜெர்மனியிடம் கூடுதல் நேரத்தில் 34-33 என்று ஒரு கோலால் தோற்றது. 2017இல் பிரான்சில் நடந்த உலகப் பந்தயத்திலும் நார்வே தகுதிச் சுற்றின் வாயிலாக நுழையவில்லை. சம்மேளனம் தன் விருப்பப்படி வழங்கும் இடத்தைப் பெற்றே நுழைந்தது. அரையிறுதியில் குரோவேஷியாவோடு சமநிலையில் ஆட்டநேரம் முடியும் தறுவாயில் எதிரணிக்கு 7 மீட்டர் எறி கிடைத்தது. கோல்கீப்பர் தோர்பியோர்ன் பெர்கெருட் அதனைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில் நார்வே வென்றது. பாரிஸ் நகரத்து இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் கோல்டன் லீக்கின் பழந்தோழராகிய பிரெஞ்சுக்காரரே. முற்பாதி முடிவில் 18-17 என ஒரே கோல் வேறுபாடு. முடிவில் 33-26 என்று பிரான்சு வென்றது. நார்வே ஆடவர்க்குப் பெரும் பந்தயங்களிற் கிடைத்த முதற் பதக்கம் அந்த வெள்ளிப் பதக்கமே.

இவ்வெழுச்சிக்குச் சிநேகப் பந்தயமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லுதல் மிகையாகும். சாண்டர் சாகோசன் முதலிய இளைஞரின் திறமையும், பயிற்சியாளரின் உழைப்பும், நல்வாய்ப்பும் அதிற் பங்குடையன. ஆயினும் ஓரிளைஞன் உலகின் முதன்மையான தடுப்பு மதிலை இறுதியாட்டத்தில்தான் முதன்முதல் எதிர்கொள்வதற்கும், அதனைப் பலமுறை கண்டு, மோதி, தோற்று, மீண்டும் மோதியபின் எதிர்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு சொல்லாமலே விளங்கும். அச்சம் அறியாமையிற் பிறப்பது. பெரிய அணியின்மீது எளிய அணிக்குள்ள அச்சத்தைச் சிநேகப் பந்தயம் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடுகிறது.

“வலியவர்க்கு இதனால் வந்தது என்ன? தம் தந்திரத்தை அயலானுக்குக் கற்பித்துத் தாமே எதிரியை வளர்ப்பது பேதைமையன்றோ?” என வினவலாம். கோல்டன் லீக்கின் மூன்று தேசங்களும் பெரும் பந்தயங்களின் இறுதியாட்டங்களில் ஒன்றையொன்று சந்தித்த வரலாறே இதற்கு மறுமொழி. 2014இல் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் பிரான்சு டென்மார்க்கை அதன் சொந்த மண்ணில் 41-32 என்று வென்றது. 2016இல் ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் டென்மார்க்கு பிரான்சை 28-26 என்று வென்றது. 2017இல் பிரான்சும் நார்வேயும். 2019இல் ஹெர்னிங் நகரில் டென்மார்க்கும் நார்வேயும், 31-22. எதிரியை வளர்த்தவர் தாமும் வளர்ந்தனர். வலுவற்ற அண்டை வீட்டானோடு மட்டும் ஆடுபவன் தன் வலுவின் அளவைத் தானே அறியான். 23-0 என்று வென்றவரின் நிலை அதுவே.

சிநேகப் பந்தயத்தின் முடிவைக் கண்டு பெரும் பந்தயத்தின் முடிவை ஊகிப்பாரும் உண்டு; அவர்க்கு யாம் சொல்லக்கூடியது, பொறுத்திருங்கள் என்பதே. ஜனவரி முதல் வாரத்தில் வென்றவர் மூன்றாம் வாரத்தில் வீடு திரும்புவது புதுமையன்று. தோற்ற பயிற்சியாளர் தாம் தேடிய விடையைக் கண்டு மகிழ்ச்சியோடும், வென்றவர் விடை கிட்டாத கவலையோடும் அரங்கை விட்டுச் செல்லுதல் கூடும். புள்ளிப் பட்டியல் அவ்விருவர் மனத்தையும் காட்டாது.

ஐரோப்பிய ஹாண்ட்பால் சம்மேளனமும் இவ்வுண்மையை உணர்ந்தே 2018இல் ஓர் ஏற்பாடு செய்தது. பெரும் பந்தயத்தை நடத்தும் தேசங்களும் முன்னைய சாம்பியனும் தகுதிச் சுற்றில் ஆடவேண்டுவதில்லை. ஆதலின், ஏனையோர் ஈராண்டுக் காலம் கடும் ஆட்டங்களில் உரமேறுகையில், இவர்கள் எதிரியின்றிச் சோம்பியிருக்க நேரும். இக்குறையைப் போக்க, அவ்வணிகள் தம்முள் சுற்றுமுறையில் ஆடும் ‘யூரோ கப்’ என்னும் பந்தயம் அமைக்கப்பட்டது. முதன்முதல் அதில் ஆடியவை நான்கு: 2018ஆம் ஆண்டு ஐரோப்பியச் சாம்பியனாகிய ஸ்பெயின், 2020ஆம் ஆண்டுப் பந்தயத்தைக் கூட்டாக நடத்தவிருந்த சுவீடன், நார்வே, ஆஸ்திரியா. 2020 ஜனவரியில் ஸ்பெயின் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. நார்வே மூன்றாமிடம் பெற்றது. எண்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பந்தயம் முடிந்த ஐந்தாம் வாரத்தில் பெயரிழந்த ஆஸ்திரியா, வியன்னாவிலும் கிராஸிலும் தன் அரங்கங்களைத் திறந்து வைத்து, ஐரோப்பிய அணிகளை விருந்தினராக வரவேற்றது.